ஏரிகளின் வழியே இரு நண்பர்

புகைவண்டியிற் செல்பவன் நாட்டைச் சாளரத்தின் வழியே பார்க்கிறான். மோட்டார் வண்டியிற் செல்பவனுக்கும் ஒரு கண்ணாடி குறுக்கே நிற்கிறது. மோட்டார்ச் சைக்கிளிற் செல்பவனுக்கு அத்தகைய மறைப்பு எதுவுமில்லை. காற்று முகத்தில் அறைகிறது. மழை நேரே நெஞ்சில் விழுகிறது. ஈரமண்ணின் மணமும் அடுப்புப் புகையின் மணமும் ஒன்றன்பின் ஒன்றாக நாசிக்கு எட்டுகின்றன. பின்னிருக்கையில் ஒரு நண்பனும் அமர்ந்துவிட்டால் அந்தப் பயணத்திற்குத் தனியானதொரு சுவை வந்து சேர்கிறது. இயந்திரத்தின் இரைச்சலில் வழியிலே பேச முடியாது. கண்டவற்றையெல்லாம் மனத்தில் அடக்கி வைத்திருந்து, வண்டியை நிறுத்தும் இடத்திலேதான் பேசவேண்டும். ஆதலால் அந்தப் பேச்சு வீட்டுத் திண்ணைப் பேச்சினும் கனதியானதாக இருக்கும்.

நேயர்களே, அத்தகைய பயணமொன்று 1952ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவில் நிகழ்ந்தது. நாடு பார்க்கும் ஆசையொன்றையே துணையாகக் கொண்டு இரண்டு இளைஞர்கள் பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றில் ஏறிப் புறப்பட்டார்கள். வண்டி ஓடியவரை அது ஒரு பயணமாக இருந்தது. வண்டி நின்ற பின்னர் அதே பயணம் முற்றிலும் வேறொன்றாகி விட்டது.

அவ்விருவரில் மூத்தவர் அல்பேர்த்தோ கிரனாடோ. வயது இருபத்தொன்பது. உயிர் இரசாயனம் கற்றவர். தொழுநோய் மருத்துவமனையொன்றிற் பணிபுரிந்து, அப்பணியை அண்மையில் விட்டிருந்தவர். இளையவர் ஏர்னெஸ்தோ குவேரா. வயது இருபத்து மூன்று. மருத்துவக் கல்வியை இன்னும் முடிக்காத மாணவர். பின்னாளிற் சே குவேரா என்று உலகம் அறிந்துகொண்டவர் இவரே. 1959ஆம் ஆண்டிற் கியூபாவின் தூதுக்குழுவோடு இலங்கைக்கும் வந்து, ஹொரணைக்கு அண்மையிலுள்ள யஹலகெல றப்பர்த் தோட்டத்தில் ஒரு மஹோகனி மரக்கன்றை நட்டுச் சென்றார். அவருடைய பிற்கால அரசியலையும், கியூபாவில் அவர் மேற்பார்த்த மரண தண்டனைகளையும் பற்றி மக்களிடையே கடுமையான கருத்து வேற்றுமைகள் உண்டு. அவை வேறொரு பேச்சுக்கு உரியவை. இங்கே வருபவர் பெயரும் புகழும் அற்ற ஒரு மாணவர். சிறு வயது முதலே ஆஸ்மா என்னும் ஈளை நோயால் மூச்சுத் திணறி வாழ்ந்தவர்.

இந்நோயுடையவர் றகர் விளையாட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தபோது, அவரைத் தம் குழுவிற் சேர்த்துப் பயிற்றியவர் கிரனாடோ. நட்பின் தொடக்கம் அதுவே. பட்டப் பெயர் வைத்து ஒருவரையொருவர் அழைப்பதும், ஓயாமல் வாதிடுவதும், வாதித்தபின் ஒரே பாத்திரத்தில் உணவருந்துவதும் அவர்கள் வழக்கம். வயதில் ஆறாண்டு வேறுபாடு இருந்தும் அண்ணன் தம்பி என்ற ஒதுக்கம் அவர்களிடையே இருந்ததாகத் தெரியவில்லை.

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஆர்ஜென்டீனாவின் கோர்டோபா நகரிற் கிரனாடோவின் வீட்டுத் திராட்சைப் பந்தலின் கீழ் அமர்ந்து, அந்நாட்டார் விரும்பும் மாத்தே என்னும் இலைப் பானத்தை இருவரும் அருந்திக்கொண்டிருந்தார்கள். தூர நாடுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பேசிக்கொண்டே இருந்தவர்கள் போவதென்றே முடிவு செய்துவிட்டார்கள். குவேராவுக்குத் தேர்வுகள் எஞ்சியிருந்தன. கிரனாடோவின் கையில் மிகுந்த பணமில்லை. அவரிடம் ஒரு மோட்டார்ச் சைக்கிள் இருந்தது. அது போதுமென்று தோன்றிற்று.

அந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அது 1939ஆம் ஆண்டின் ஆங்கில நோர்ட்டன். ஒற்றைச் சிலிண்டர் கொண்ட ஐந்நூறு வகை. கிரனாடோ அதற்கு 'லா பொதெரோசா இரண்டு' என்று பெயரிட்டிருந்தார். வலிமை வாய்ந்தவள் என்பது அதன் பொருள். முதலாம் வலிமை வாய்ந்தவள் அவர் மாணவராக இருந்தபோது மிதித்த சாதாரணச் சைக்கிள்! கூடாரம், போர்வைகள், சமையற் பாத்திரங்கள், உடைகள், நூல்கள் ஆகியவற்றையெல்லாம் அந்த நோர்ட்டனின் பின்புறத்தில் இருபக்கமும் தொங்கவிட்டுக் கட்டினார்கள். பாரம் முழுவதும் பின்சில்லுக்கு மேலும் பின்னுமாக ஏறியதால் முன்சில்லு நிலத்தைப் பற்றாது எழும்பத் தொடங்கிற்று. திசை திருப்பும் சில்லு நிலத்தைப் பற்றாவிட்டால் வண்டி ஓட்டுபவன் சொற் கேளாது. அவர்கள் விழுந்த விழுக்காடுகளிற் பலவற்றிற்கு இதுவே காரணம். பாரத்தை முன்னே நகர்த்திக் கட்டினால் எத்தனையோ காயங்களைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் இருபத்து மூன்று வயதில் அத்தகைய யோசனைகளுக்கு யார் செவிசாய்க்கிறார்கள்?

1952ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி புவனஸ் அயர்சிலிருந்து இருவரும் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். மிராமார் என்னும் கடற்கரை ஊரில் விடுமுறையிலிருந்த தம் காதலியைக் காண்பதற்காகக் குவேரா அங்கே தங்க விரும்பினார். இரண்டு நாளுக்கென்று நின்றவர் எட்டு நாள் நின்றார். கிரனாடோவுக்குப் பெருங் கவலை. நண்பன் இனிப் புறப்படமாட்டான் என்றே எண்ணிவிட்டார். குவேரா காதலிக்கென்று ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு சென்றிருந்தார். 'திரும்பி வா' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். நாய்க்குட்டி அங்கேயே தங்கிற்று. ஆனால் திரும்பி வருவதற்குத் தேவை இருக்கவில்லை. சில வாரங்களின் பின், பரிலோச்சே நகரத் தபாலகத்தில், உறவு முடிந்ததென்று அறிவிக்கும் கடிதம் அவருக்காகக் காத்திருந்தது.

அதன்பின் வந்தது மணற்காடு. கடுங்காற்று வீசும் மேட்டு நிலம். வண்டி விழுவதும், எழுவதும், ஆணி கழன்ற இடங்களைக் கம்பியாற் கட்டுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. சோயெலே சோயெல் என்னுமிடத்திற் குவேராவுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. சில நாள் மருத்துவமனையிற் கிடந்தார். காய்ச்சல் தணிந்ததும் மேற்கு நோக்கித் திரும்பினார்கள். அடிவானத்தில் அந்தீஸ் மலைத்தொடர் தெரிந்தது.

ஆர்ஜென்டீனாவின் அந்த மேற்கு விளிம்பு உலகின் மிக எழில் வாய்ந்த நிலங்களுள் ஒன்று. முற்காலத்திற் பனிப்பாறைகள் மலையிடைகளை உழுதுகொண்டு நகர்ந்தன. அவை உருகிப் பின்வாங்கியபோது ஆழ்ந்த பள்ளங்கள் எஞ்சின. அப்பள்ளங்களே இன்று ஏரிகள். சான் மார்டின் டி லொஸ் அந்தெஸ் என்னும் சிற்றூர் லாக்கார் ஏரியின் கரையில் உள்ளது. அங்கிருந்து தெற்கே செல்லும் பாதைக்கு 'ஏழு ஏரிகளின் பாதை' என்று பெயர். ஒரு வளைவிற் பச்சை நீர்; மறு வளைவில் நீல நீர்; இரண்டிற்கும் இடையே வானளாவிய கொய்கே மரங்களின் இருள். உச்சிகளில் வெண்பனி, அடிவாரத்திற் கோடைகாலத்துப் பூக்கள். பாதையின் முடிவில் நாவெல் உவாப்பி என்னும் பேரேரி ஐந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அதன் ஆழம் 400 மீற்றரையும் தாண்டும்.

இவ்வழியிலேதான் நண்பர் இருவரும் ஏரிக்கரைகளில் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டித் தின்று, நட்சத்திரங்களின் கீழ் உறங்கினர். ஒரு கரையில் அமர்ந்திருந்தபோது, உலகமெல்லாம் சுற்றிக் களைத்தபின் இங்கேயே வந்து ஆராய்ச்சிக் கூடமொன்றை அமைத்து வாழலாமென்று திட்டமும் தீட்டினார்கள். பெரிய சாளரங்கள், அவற்றின் ஊடே தெரியும் ஏரி, மாரியில் வெண்பனி என்று கற்பனை வளர்ந்தது. அழகான இடமொன்றைக் கண்ட இளைஞர் எவரும் இத்தகைய வீடொன்றை மனத்திலே கட்டாமல் விடுவதில்லை. நுவரெலியாவிலும் அப்புத்தளையிலும் எத்தனை வீடுகள் இவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றனவோ!

இவ்விடத்தில் அவர்கள் செய்த குறும்புகளையும் மறைத்தல் ஆகாது. சான் மார்டினில் நடந்த விருந்தொன்றில் இறைச்சி வாட்டுபவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார்கள். குவேரா வெறி கொண்டவர்போல நடித்து, வாந்தியெடுக்கச் செல்வதாகப் பாவனை செய்து, மேற்சட்டையினுள் மது போத்தல்களை மறைத்துக் கொண்டுபோய் ஓடைக்கரையில் ஒளித்து வைத்தார். விருந்து முடிந்து ஓடிச்சென்று பார்த்தால் ஒரு போத்தலும் இல்லை. யாரோ அவர்களினும் கெட்டிக்காரர் அருகிலிருந்து பார்த்துவிட்டார்! இன்னோரிரவு, அடைக்கலந் தந்த வீட்டார் அப்பகுதியிற் பூமா என்னும் காட்டுப் பூனை உலாவுவதாக எச்சரித்தனர். நள்ளிரவிற் கதவருகே ஏதோ பிறாண்டும் ஒலி. இருளில் இரண்டு கண்கள் ஒளிர்ந்தன. குவேரா சுழற்துப்பாக்கியால் உடனே சுட்டுவிட்டார். இறந்து கிடந்தது அவ்வீட்டாரின் செல்ல நாய். இதை நகைச்சுவையாகவே குவேரா எழுதியிருக்கிறார். வாசிப்பவருக்கோ அந்த நாயை வளர்த்தவர்களின் அழுகுரலே காதில் நிற்கிறது.

அவருடைய குறிப்புகளில் ஏரிப் பகுதியைப் பற்றிய பக்கங்களை நிதானமாக வாசித்தால் ஒன்று புலப்படும். நீர் உண்டு, மலை உண்டு, மரம் உண்டு. மனிதர் மிகக் குறைவு. வருகின்ற மனிதரும் பெரும்பாலும் உணவு கொடுப்பவராகவோ, படுக்க இடங் கொடுப்பவராகவோதான் வருகின்றனர். நாவெல் உவாப்பி என்ற பெயரே அந்நிலத்தின் பழங்குடிகளான மப்புச்சே மக்களின் மொழிப் பெயர். ஜாகுவாரின் தீவு என்பது அதன் பொருள். அம்மக்களின் நிலத்தை ஆர்ஜென்டீனப் படை கைப்பற்றியது 1870களின் பிற்பகுதியிலும் 1880களிலும் ஆகும். அதன்பின் அரசு தமக்களித்த நிலத்தின் ஒரு பகுதியை பிரான்சிஸ்கோ மொரேனோ என்னும் ஆய்வாளர் பொதுமக்களின் பூங்காவுக்கென 1903இல் நாட்டிற்கே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கொடையின் அடியிலேதான் 1934இல் நாவெல் உவாப்பி தேசியப் பூங்கா உருவாயிற்று. இத்தனையும் நடந்த நிலத்தின் ஊடே நண்பர்கள் வண்டி ஓட்டிச் சென்றார்கள். வேகத்திற் செல்பவனுக்கு நிலம் படமாகத் தெரியும். அதன் வரலாறு தெரியாது. அதை அறியச் சற்று நின்று எவரையேனும் கேட்கவேண்டும். அவர்களுக்கு அப்போது கேட்கும் நாட்டமிருக்கவில்லை.

பெப்ரவரி நடுப்பகுதியில், ஏரி மாறி ஏரியாகப் படகேறிச் சிலி நாட்டினுள் நுழைந்தனர். இரண்டு ஏரிகளுக்கிடையே தரைவழி. பின் மீண்டும் படகு. கட்டணங் கொடுக்க வழியில்லாததால், நீர் ஒழுகும் ஒரு பாரப்படகில் அடித்தளத்து நீரை இறைத்துக் கட்டணத்தைக் கழித்தனர். மறுகரையில், பனிமுடி தரித்த கூம்புபோல ஒசோர்னோ எரிமலை நின்றது. எழிற்காட்சிகளின் கடைசிப் பெரும் பரிசு அது எனலாம்.

சிலியில் அவர்களுக்கு ஒரு தந்திரம் கைவந்தது. தெமூக்கோ நகரத்துப் பத்திரிகையொன்று அவர்களைக் கண்டு பேசி, தொழுநோய் நிபுணர் இருவர் மோட்டார்ச் சைக்கிளிற் கண்டத்தைச் சுற்றி வருகின்றனர் என்று செய்தி வெளியிட்டது. நிபுணர்களுள் ஒருவர் இன்னும் தேர்வெழுத வேண்டிய மாணவர் என்பதைப் பத்திரிகை அறியாது, இவர்கள் சொல்லவுமில்லை. அந்நாள் முதல் அப்பத்திரிகை நறுக்கே அவர்களுக்குக் கடவுச் சீட்டாயிற்று. அதைக் காட்டிய இடத்திலெல்லாம் சோறும் படுக்கையும் வண்டித் திருத்தமும் கிடைத்தன.

ஆனால் நோர்ட்டன் பத்திரிகை வாசிக்கவில்லை. லவுத்தாரோ என்னும் ஊரின் அருகே பல்லிணைப் பெட்டி உடைந்தது. இறக்கமொன்றிற் பிரேக்கு பிடிக்காமல் மாட்டு மந்தையினூடே பாய்ந்து, தெய்வாதீனமாக உயிர் தப்பினர். சிறிது தூரத்தில், ஏற்றமொன்றில் ஏறமுடியாமல் வலிமை வாய்ந்தவள் வலிமையிழந்தாள். லொறியொன்றில் ஏற்றி முதலில் அண்மை ஊருக்கும், பின்னர் தலைநகராகிய சந்தியாகோவுக்கும் கொண்டு சென்றார்கள். திருத்த வழியில்லை என்று கண்டதும், துணியாற் போர்த்து அங்கேயே விட்டுப் பிரிந்தனர். கிரனாடோவுக்கு அது ஒரு மரணம் போன்றது. அவர் கைப்பட வளர்த்த வண்டியன்றோ!

அந்நாள் வரை அவர்கள் ஊராரின் கண்ணுக்கு மோட்டார்ச் சைக்கிள் வீரர்கள். சிறுவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். வீட்டார் வாசலுக்கு வருவார்கள். வண்டி போன மறுநாள் அவர்கள் முதுகிற் பொதி சுமந்த இரண்டு வழிப்போக்கர். தெருவோரத்தில் நின்று லொறிக்காரரை இரந்து கேட்கவேண்டும். இந்த மாற்றத்தைக் குவேராவே உணர்ந்து எழுதியிருக்கிறார்: நாடோடிகளுள்ளும் உயர்குடியினராக இருந்தவர்கள் ஒரே நாளில் வெறும் நாடோடிகள் ஆகிவிட்டனராம்.

அதன் விளைவு வல்பரைசோ துறைமுகத்திலே தெரிந்தது. அங்கே அவர்களுக்கு இலவசமாக உணவளித்த ஒரு சிறு கடைக்கு வாடிக்கைக்காரியாக இருந்த மூதாட்டியொருத்தி நோயுற்றுக் கிடந்தாள். மருத்துவர் என்று கேள்விப்பட்டுக் குவேராவை அழைத்தார்கள். சென்று பார்த்தால், வியர்வையும் அழுக்குக் காலின் நாற்றமும் நிறைந்த அறை. தூசி படிந்த இரண்டொரு நாற்காலிகள். கட்டிலிலே மூச்சுக்குத் தவிக்கும் ஓர் உடம்பு. அவளுக்கும் ஈளை நோய். அத்துடன் இருதயமும் பழுது. மூச்சுத் திணறல் இன்னதென்று அறிந்த குவேராவுக்கு அவளைப் பரிசோதிக்க அதிக நேரம் தேவைப்பட்டிராது. உழைக்க முடியாதவள் ஏழைக் குடும்பத்திற்குப் பாரமாகிறாள். அவளைப் பார்க்கும் உறவினர் கண்களில் ஒளியாத வெறுப்பு நிற்கிறது. தம்மிடமிருந்த மாத்திரைகள் சிலவற்றையும், உண்ணவேண்டிய உணவு பற்றிய குறிப்பொன்றையும் கொடுத்துவிட்டு அவர் வெளியேறினார். அவள் கேட்டது மருந்து. அவளுக்குத் தேவைப்பட்டது வேறு. அதைத் தருவதற்கு மருத்துவக் கல்வியில் இடமில்லை என்பதை அந்த மாணவர் அன்று கண்டார். ஏரிக்கரையிற் கட்டிய ஆராய்ச்சிக் கூடம் இதற்குப்பின் அவர் குறிப்புகளில் எங்குமே தலைகாட்டவில்லை.

அங்கிருந்து கப்பலொன்றின் கழிவறையில் ஒளித்து வடக்கே போனார்கள். பிடிபட்டபின் ஒருவர் உருளைக்கிழங்கு உரித்தார். மற்றவர் அந்தக் கழிவறையையே கழுவினார். வடசிலிப் பாலைவனத்தில், சுக்கிகமாத்தா செப்புச் சுரங்கத்தை நோக்கிச் செல்லும் வழியில், ஓரிரவு ஒரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்தித்தார்கள். கணவர் பொதுவுடைமைக் கட்சியினர். அக்கட்சி அப்போது சிலியில் தடைசெய்யப்பட்டிருந்தது. மூன்று மாதம் சிறையிலிருந்து வெளிவந்தவர், எவரும் விரும்பாத மலைக் கந்தகச் சுரங்கமொன்றிற்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார். வேலை அத்துணைக் கொடியது. ஆகவே அங்கே கட்சி எதுவென்று எவரும் கேட்கமாட்டார்கள். பாலைவனத்துக் குளிரில் அவ்விருவருக்கும் போர்த்துக்கொள்ள ஒரு கம்பளியேனும் இல்லை. நண்பர்கள் தம்மிடமிருந்த கம்பளிகளுள் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதில் இருவரும் ஒண்டிக்கொண்டு விடியும்வரை நடுங்கினர். வண்டி ஓடியிருந்தால் அவ்விடத்தை அரைமணி நேரத்திற் கடந்திருப்பார்கள்.

பெருவில் மாச்சு பிச்சுவையும் கண்டார்கள். தித்திக்காக்கா ஏரியையும் கண்டார்கள். அவற்றின் அழகை எழுதாதவர் இல்லை. ஆகவே அதை இங்கே விரிப்பது மிகை. லீமா நகரில் ஊகோ பெஸ்சே என்னும் தொழுநோய் மருத்துவர் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து, அமேசன் நதிக்கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோய் மருத்துவமனைக்குச் செல்ல வழிசெய்தார். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவை அறிந்தவர்களுக்கு, நீராற் பிரிக்கப்பட்ட அத்தகைய இடத்தின் தனிமையை விளக்க வேண்டியதில்லை. சான் பாப்லோவில் ஏறக்குறைய 600 நோயாளர் இருந்தனர். நண்பர்கள் கையுறை அணியாமல் அவர்களோடு கைகுலுக்கினர், அருகமர்ந்து பேசினர், உதைபந்து விளையாடினர். தொழுநோய் இலகுவிற் பரவுவதன்று என்பதை இருவரும் அறிந்திருந்தனர். அறிந்ததைச் செய்து காட்டியதிலேதான் சிறப்பு உண்டு.

ஜூன் 14ஆந் திகதி அங்கே குவேராவுக்கு இருபத்து நான்கு வயது நிரம்பிற்று. அவர்கள் புறப்படுவதற்கு முன்னே ஓரிரவு, மழை தூறிக்கொண்டிருக்க, நோயாளர் படகொன்றில் வந்து பாடி விடைகொடுத்தனர். பக்க வாத்தியமாக அக்கோர்டியன் வாசித்தவருக்கு வலக்கையில் விரல்களே இல்லை. மணிக்கட்டிற் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வாசித்தார். பாடியவருக்குக் கண்பார்வை இல்லை. இதைக் குவேரா தம் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். நாவெல் உவாப்பியைப் பற்றி எழுதிய கைதான் இதையும் எழுதிற்று; ஆனால் எழுத்தின் தொனி வேறு. ஏரியைப் பார்த்தபோது தாம் அங்கே குடியிருக்கலாமா என்று எண்ணியவர், இங்கே தம்மைப் பற்றி எண்ணவேயில்லை.

ஆஸ்பத்திரியார் கட்டிக்கொடுத்த தெப்பத்தில் ஆற்றுவழியே இறங்கிக் கொலம்பியாவை அடைந்து, ஜூலை மாதத்திற் கரகாஸ் நகரைச் சேர்ந்தார்கள். அவ்விடத்திற் கிரனாடோவுக்குத் தொழுநோய் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. குவேரா பந்தயக் குதிரைகளை ஏற்றிச் சென்ற விமானமொன்றில் மயாமி வழியாக நாடு திரும்பினார். பட்டம் பெற்றபின் கரகாசுக்கே வந்து கிரனாடோவோடு பணிபுரிவதென்பது ஏற்பாடு.

1953இல் அவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே வேறொரு நண்பரோடு புகைவண்டியேறிப் புறப்பட்டும் விட்டார். ஆயினும் வழியில் மனம் மாறிக் குவாத்தமாலா நோக்கித் திரும்பினார். கிரனாடோ கரகாசிலே காத்திருந்தார். நண்பர் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஆண்டு 1960, இடம் ஹவானா. ஒருவர் ஆராய்ச்சியாளர், மற்றவர் அரசின் உயர்பதவியில் இருந்தவர். அடுத்த ஆண்டு கிரனாடோ குடும்பத்தோடு கியூபாவுக்கே குடிபெயர்ந்து, மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். குவேரா 1967 ஒக்டோபரிற் பொலிவியாவிற் கொல்லப்பட்டார். பயணத்தின் நாட்குறிப்பைக் கிரனாடோ 1978இல் நூலாக்கினார். 2004இல் அவர்கள் பயணம் திரைப்படமாக வெளிவந்தது. அதன் படப்பிடிப்பின்போது, எண்பது வயதைத் தாண்டிய கிரனாடோ பழைய இடங்களுக்குத் தாமே சென்று பார்த்தார்.

2011 மார்ச் 5ஆந் திகதி ஹவானாவில் அவர் காலமானார். தம் சாம்பலை மூன்று நாடுகளிலே தூவவேண்டும் என்பது அவர் விருப்பம்: நோர்ட்டனிற் புறப்பட்ட ஆர்ஜென்டீனா, நண்பனைப் பிரிந்த வெனிசுவேலா, மீண்டும் சேர்ந்த கியூபா.